இல்லாத ஊரின் கிணறு

சனிக்கிழமை காலை 5.50. மண்கும்பான்.

கத்தரிக் கன்றுகளுக்குத் தண்ணீர் இறைக்கப் போன கணவர் அரை மணி நேரமாகியும் மோட்டரைப் போடவில்லை. மீனாம்பிகை பின்வளவுக்கு நடந்தாள். கிணற்றடியில் வல்லிபுரம் குப்புறக் கிடந்தார். பின்தலையில் இரத்தம் காயத் தொடங்கியிருந்தது. மூச்சு இருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து எரிந்த எஞ்சின் ஒயில் மணந்தது. எட்டிப் பார்த்தாள், தண்ணீருக்கு மேல் கறுப்பாக ஏதோ மினுங்கிக்கொண்டு கிடந்தது. கிணற்றுக் கட்டில் ஒரு வெள்ளைத் தாள். காற்றுக்குப் பறக்காமலிருக்க யாரோ அதன் மேல் ஒரு கல்லைப் பாரம் வைத்திருந்தார்கள்.

அவள் போட்ட சத்தத்துக்கு முதலில் ஓடி வந்தவன் சந்தியில் தொலைபேசியும் போட்டோக்கொப்பியுமாகக் கொம்யூனிக்கேசன் கடை வைத்திருக்கும் பிரதாபன். அவன்தான் ஓட்டோவைக் கொண்டுவந்து, வல்லிபுரத்தின் தலையைத் தன் மடியில் தாங்கியபடி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனான்.

சப் இன்ஸ்பெக்டர் கஜாலினி வந்து சேர்ந்தபோது மணி 8.15. அவளுக்குப் பத்தொன்பது நாட்களாக லீவு இல்லை. நிலையத்தில் தமிழில் வாக்குமூலம் எழுதக்கூடியவர்கள் மூன்று பேர். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் நீதிமன்றத்தில். ஆகவே தீவில் யார் அழுதாலும் அந்த அழுகை இவளிடம்தான் வரும். அதைத் தமிழில் எழுதி, பிறகு இருந்து சிங்களத்தில் பெயர்க்கவும் வேண்டும். சப்பாத்துக்குள் மணல் புகுந்திருந்தது. கழற்றி உதற அலுப்பாக இருந்தது. அப்படியே கிணற்றடிக்கு நடந்தாள்.

கையுறையோடு தாளை எடுத்தாள். தலைப்பில் ‘தீவக நன்னீர்க் கழகம்’ என்றிருந்தது. கீழே வல்லிபுரத்தின் வாக்குமூலம். மூன்று நாட்கள், அதிகாலை 4.30 மணிக்கு, கடற்கரை மணலை அள்ளிச் சென்ற ரிப்பர் லொறி, அதன் இலக்கம், அதன் சொந்தக்காரன் சசிகரனின் பெயர். தாளின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: ‘அளவீடுகள் மாதம் ஒருமுறை புதுப்பிக்கப்படும்.’ இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை தலைமயிர் தடிப்பில் ஒரு கறுப்புக் கோடு ஓடியது.

“இது என்னம்மா?”

“வியாழக்கிழமை இவர் கழகத்திலை போய்ச் சொன்னது, பிள்ளை. மணல் அள்ள அள்ள எங்கட கிணறு உவர்க்குது. ரகசியமாய் வைச்சிருப்பம் எண்டு சொல்லித்தான் எழுதினவையாம்.”

“வேறை ஆருக்கும் சொன்னவரோ?”

“எனக்கே முழுக்கச் சொல்லேல்லை.”

மீனாம்பிகை கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். “முப்பது வருசம் மாத்தறையிலை கடை நடத்தின மனுசன். இஞ்சை வந்து நாலு கத்தரி வைப்பம் எண்டு ஆசைப்பட்டவர்” என்றாள்.

10.00 மணி. வேலணை, கழக அலுவலகம்.

தலைவர் இராசநாயகம் ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர். தீவுகளின் கிணறுகளில் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்று மாதாமாதம் அளந்து, ஊர் ஊராக இணையப் பக்கமொன்றில் போடுவது கழகத்தின் வேலை. மணல் கொள்ளை பற்றி யாராவது சொல்ல வந்தால் அதையும் இரகசியமாக எழுதி வைப்பார்கள், போதிய அளவு சேர்ந்ததும் மேலிடத்துக்குக் கொடுக்க.

“இதிலை விசாரிக்க ஒண்டும் இல்லை, மிஸ்” என்றார் அவர். “எங்கட தலைப்புப் போட்ட தாள். உள்ளுக்கிருந்துதான் போயிருக்கு. தட்டச்சுச் செய்தது நிலாந்தினி. அலுமாரிப் பூட்டின்ர திறப்பு அவவிட்டை. கொம்பியூட்டர் பாஸ்வேட்டும் அவவுக்கு மட்டும்தான் தெரியும். அவவின்ர மனுசன்ர மச்சான்தான் சசிகரன்ர ரிப்பர் ஓடுறவன். வேறை என்ன வேணும்? கிணத்தடியிலை தாளைக் கண்ட சனம் போன் பண்ண, விடியவே திறப்பை வாங்கிப்போட்டு அனுப்பிட்டன்.”

“அவவைக் கேட்டனீங்களோ?”

“கேட்டனான். அழுதவ.”

“அழுதது குற்றமோ, ஐயா?”

அவர் அலுமாரியைத் திறந்தார். வல்லிபுரம் கையொப்பமிட்ட மூலப் பிரதி உள்ளே இருந்தது. கஜாலினி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மூலப் பிரதியில் 4.30 என்பது பேனையால் வெட்டப்பட்டு 5.30 என்று திருத்தப்பட்டிருந்தது. பக்கத்தில் கிழவரின் சுருக்கொப்பம். அடியில் கையொப்பமும் திகதியும் மட்டும். கிணற்றடித் தாளில் இன்னும் 4.30 தான்.

“அப்ப இந்தப் பேப்பரைப் பிரதி எடுக்கேல்லை. கொம்பியூட்டரிலை இருக்கிறதுதான் வெளியிலை போயிருக்கு.”

“அதுக்குத்தான் பாஸ்வேட் எண்டு சொல்லுறன்.”

கணினியில் முறைப்பாடுகளுக்கென்று ‘மு’ என்ற கோப்புறை இருந்தது. கடவுச்சொல் கேட்டுத் திறந்தது. பதினேழு கோப்புகள், இலக்கங்களையே பெயராகக் கொண்டவை. யார் எப்போது திறந்தார்கள் என்ற பதிவும் இருந்தது. பதினேழாவது கோப்பு வியாழன் 9.58க்குச் சேமிக்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு கடவுச்சொல் கொடுத்து யாரும் அந்தக் கோப்புறைக்குள் நுழையவில்லை.

அலுவலக அச்சுப்பொறியில் ஒரு தாள் எடுத்துப் பார்த்தாள். சுத்தமாக வந்தது. கறுப்புக் கோடு இல்லை.

“தட்டுற நேரத்திலையே அவ இன்னொரு பிரதியை எங்கையும் அனுப்பியிருப்பா” என்றார் இராசநாயகம்.

அனுப்பியிருக்கலாம். இல்லை என்று சொல்லக் கஜாலினியிடம் எதுவும் இருக்கவில்லை.

11.30 மணி. நிலாந்தினியின் வீடு, இரண்டு ஒழுங்கைகள் தள்ளி.

நிலாந்தினிக்கு இருபத்தொன்பது வயது. கண்கள் வீங்கியிருந்தன. அடுப்பில் எதுவும் ஏற்றப்பட்டிருக்கவில்லை. குசினிக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டாள்.

“இருங்கோ, மிஸ். தேத்தண்ணி தர ஏலாது. பால்மா இல்லை, கடைக்குப் போக முகமும் இல்லை.”

“வேண்டாம். வியாழக்கிழமை என்ன நடந்தது? மெதுவாய்ச் சொல்லும்.”

“ஐயா ஒன்பதரைக்கு வந்தவர். அவர் சொல்லச் சொல்லத் தட்டினனான். பேப்பர் எடுத்து வாசிச்சுக் காட்டினாப் பிறகுதான், அஞ்சரை எண்டார். பேனையாலை திருத்தினம். கொம்பியூட்டரிலை திருத்த மறந்திட்டன். துண்டு எழுதிக் குடுத்தன். பத்தே காலுக்கு வெளிக்கிட்டவர்.”

“என்ன துண்டு?”

“முறைப்பாடு கிடைச்சது எண்டு ஒரு பற்றுச்சீட்டு. பெயர், திகதி, ‘மணல்’ எண்டு விசயம், இலக்கம் மு/17.”

“உம்மட மனுசன்ர மச்சான் சசிகரனிட்டை வேலை செய்யிறார்.”

“ஓம். அவரோடை நாங்கள் ரெண்டு வருசமாய்க் கதைக்கிறேல்லை. அதைச் சொல்ல வெளிக்கிட்டனான். தலைவர் கேட்கேல்லை.” அவள் நிலத்தைப் பார்த்தாள். “ஏழு மணிக்குள்ளை ஊர் முழுக்கத் தெரிஞ்சிட்டுது, மிஸ். முன்வீட்டு அக்கா என்னைக் கண்டிட்டுப் படலையைச் சாத்தினவ. அவவின்ர முறைப்பாடும் நான்தான் தட்டினனான்.”

கஜாலினிக்கு அந்தக் கதிரையிலேயே கொஞ்ச நேரம் கண்ணை மூட வேண்டும்போல் இருந்தது. எழும்பினாள்.

2.10 மணி. ஆசுபத்திரி.

வல்லிபுரத்துக்குப் பதினொரு தையல். பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவர் பேசினார்.

“பின்னாலை நிண்டு அடிச்சவங்கள், பிள்ளை. முகம் காணேல்லை.”

“கழகத்திலை இருந்து நேரை வீட்டையோ போனனீங்கள்?”

“பிரதாபன்ர கடையிலை இறங்கி, துண்டைப் போட்டோக்கொப்பி எடுத்தனான். கடை வைச்சிருந்த பழக்கம். எந்தப் பேப்பரும் ரெண்டு இருக்க வேணும். பேந்து பத்தரைபோலை வீட்டை. மூலத்துண்டை அலுமாரியிலை வைச்சுப் பூட்டினனான். கொப்பி நான் போட்டிருந்த சேட்டுப் பொக்கற்றுக்குள்ளைதான் கிடக்கு.”

“ஆருக்கும் காட்டினனீங்களோ?”

“இல்லை.” தலைக்கட்டைத் தொட்டுப் பார்த்து, “பிரதாபன்ர தமக்கையைத்தான் சசிகரன் கட்டியிருக்கிறான். அதுக்காக அவனைப் பிழை சொல்லாதையும். என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினவன் அவன். அவன்ர சேட்டு முழுக்க என்ர ரத்தம். கிணத்துக் கணக்கெடுப்பு வந்தாலும் போன் இல்லாத எங்களுக்கு அவன்தான் எடுத்து வாசிச்சுச் சொல்லுறவன்” என்றார்.

தாதி கொண்டுவந்த பொலித்தீன் பையில் இரத்தம் பட்ட சேட்டு இருந்தது. பொக்கற்றுக்குள் நாலாக மடித்த தாள். கஜாலினி விரித்துப் பார்த்தாள். இடது ஓரத்தை விரலால் தடவினாள். திரும்ப மடித்து, வேறொரு உறையில் போட்டு ஒட்டினாள்.

ஒரு சந்தேகம் கையில் வந்துவிட்டது. ஆனால் சந்தேகத்துக்குப் பாதை வேண்டும். துண்டில் இருந்தது ஓர் இலக்கம் மட்டும். அந்த இலக்கத்தை வைத்துக்கொண்டு, சந்தியில் இருக்கும் ஒரு கடைக்காரன், வேலணையில் பூட்டிக் கிடக்கும் கோப்பை எப்படி எடுப்பான்?

3.20 மணி. சாட்டி.

வண்டிக்கு டீசல் அடிக்கச் சாரதி போய்விட்டார். கடற்கரைத் தேநீர்க் கடையில் கஜாலினி இருந்தாள். நகரத்திலிருந்து வந்த இரண்டு குடும்பங்கள் தண்ணீருக்குள் நின்று கூத்தடித்துக்கொண்டிருந்தன. அவளுக்கு அந்தச் சத்தம் தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. கைத்தொலைபேசியில் கழகத்தின் பக்கத்தைத் திறந்தாள். ஒரு கட்டம், ‘உங்கள் ஊரின் பெயரை இடவும்.’ களைத்த விரல் ஓர் எழுத்தை விட்டுவிட்டது. சாடி என்று போனது.

திரை சொன்னது: ‘கிணறு/சாடி. இந்தக் கோப்பு இல்லை.’

மறுபடி சரியாக அடித்தாள். சாட்டியின் கிணறுகள் வந்தன, உப்பின் அளவுகளோடு. மேலே கழகத்தின் பெயர். அடியில் சின்ன எழுத்தில்: ‘அளவீடுகள் மாதம் ஒருமுறை புதுப்பிக்கப்படும்.’

அவள் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

கிணற்று உப்பு மாதாமாதம் மாறும். ஒரு மனிதனின் வாக்குமூலம் மாதம் ஒருமுறை புதுப்பிக்கப்படுவதில்லை. கையொப்பமிட்ட மூலப் பிரதியில் அந்த வரி இல்லவே இல்லை. காலையில் இருந்து ஐந்து தடவையாவது அதை வாசித்திருக்கிறாள். கடிதத் தலைப்போடு சேர்ந்த ஏதோ ஒன்று என்று கண் தாண்டிப் போய்விட்டது. அந்தத் தாள் கழகத்துக்குள் அச்சாகவில்லை. கிணறுகளைக் காட்டும் இந்தப் பக்கத்திலிருந்துதான் அச்சாகியிருக்கிறது. உலகத்தில் யாரும் திறக்கக்கூடிய பக்கம்.

4.30 மணி. திரும்பவும் கழக அலுவலகம்.

“உங்கட கிணத்துப் பக்கத்திலை ஆர் என்ன ஊர் கேட்டது எண்டு பதிவு இருக்கோ, ஐயா?”

“இருக்கு. தை மாதம் தொடக்கம் வைச்சிருக்கிறம். வெளிநாட்டிலை உதவி செய்யிறவையளுக்குக் காட்ட வேணுமே. ஊர்ப் பெயர், நேரம், கிடைச்சதோ இல்லையோ. ஆர் எண்டு வராது.”

“வியாழக்கிழமையைக் காட்டுங்கோ.”

இருபத்துமூன்று தேடல்கள். புங்குடுதீவு, கிடைத்தது. இறுப்பிட்டி, கிடைத்தது. இருப்பிட்டி, இல்லை. மண்கும்பன், இல்லை. கஜாலினியின் விரல் வரிவரியாக இறங்கி ஓரிடத்தில் நின்றது.

“இது என்ன ஊர்?”

இராசநாயகம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். நேரம் 10.41. ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்: ../மு/17

“ஆரோ பெடியள் விளையாட்டுக்குத் தட்டினது. இப்பிடிப் பிழையாய் அடிச்சது கன இருக்கும்.”

“மற்றப் பிழையளுக்கெல்லாம் ‘இல்லை’ எண்டு கிடக்கு, ஐயா. இதுக்கு மட்டும் ‘கிடைத்தது’ எண்டு கிடக்கு.”

அந்தப் பக்கத்தைச் செய்து கொடுத்த றஜீபன் இப்போது கொழும்பில் வேலை. கஜாலினி அவனைத் தொலைபேசியில் பிடித்தாள்.

“நீர் செய்த பக்கம் ஊர்ப் பெயரை வாங்கி என்ன செய்யும்?”

“‘கிணறு’ எண்டு ஒரு போல்டர் இருக்கு, மிஸ். ஊருக்கு ஒரு பைல். ஆள் அடிக்கிற பெயரை ‘கிணறு’ எண்டதுக்குப் பின்னாலை ஒட்டி, அந்தப் பாதையிலை போய்த் திறந்து காட்டும்.”

“அடிக்கிறதை அப்பிடியே ஒட்டுமோ?”

“ஓம். அப்பிடியே.”

“ரெண்டு புள்ளி, ஒரு சாய்கோடு, மு, இன்னொரு சாய்கோடு, பதினேழு. இதை ஒருத்தர் அடிச்சால்?”

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னான்: “ரெண்டு புள்ளி எண்டால் ஒரு படி மேலை போ எண்டு கருத்து. ‘கிணறு’ போல்டரை விட்டு வெளியிலை வரும். பேந்து ‘மு’வுக்குள்ளை இறங்கி, பதினேழைத் திறக்கும்.”

“பாஸ்வேட் கேக்காதோ?”

“அது ‘மு’வை நேரை திறக்கிற ஆக்களுக்கு, மிஸ். இந்தப் பக்கம் கொம்பியூட்டருக்கு உள்ளுக்காலை போய் வாசிக்குது. அதை ஒருத்தரும் மறிக்காயினம். திறந்ததாய்ப் பதிவும் விழாது.”

“அடிச்சது ஊர்ப் பெயரோ எண்டு நீர் பார்க்கேல்லை.”

“பார்க்கேல்லை. ஊரைக் கேட்டால் ஆக்கள் ஊரைத்தான் அடிப்பினம் எண்டு நினைச்சிட்டன். கோப்பு இல்லாட்டில் பாதையையும் சேர்த்துக் காட்டுற மாதிரி வைச்சதும் நான்தான். அடிபட்ட ஐயாவைப் பற்றி ஊரிலை இருந்து சொன்னவை, உயிரோடை இருக்கிறாரோ?”

“இருக்கிறார். இப்பவே அந்தப் பக்கத்தை நிப்பாட்டும்.”

ஞாயிறு காலை 9.10. மண்கும்பான் சந்தி.

பிரதாபன் கடையைத் திறந்து, வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். பொலிஸ் வண்டியைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தான்.

“ஐயா எப்பிடி இருக்கிறார், மிஸ்?”

“தப்பிட்டார். இதை ஒரு கொப்பி எடுத்துத் தாரும்.” தன் அடையாள அட்டையை நீட்டினாள்.

இயந்திரம் வெளிச்சம் போட்டு ஒரு தாளைத் துப்பியது. கஜாலினி அதை மேசையில் வைத்தாள். பக்கத்தில் கிணற்றடித் தாள். அதற்குப் பக்கத்தில் பற்றுச்சீட்டின் பிரதி. மூன்றின் இடது ஓரத்திலும் மேலிருந்து கீழ்வரை, தலைமயிர் தடிப்பில், ஒரே கறுப்புக் கோடு.

“பிரின்ற் எடுக்கிறதும் கொப்பி எடுக்கிறதும் இந்த ஒரே மெசினிலைதானே?”

அவன் தலையசைத்தான்.

“நான் சொல்லுறன், பிழையெண்டால் மறியும்” என்றாள். அவள் குரலில் வெற்றி எதுவும் இல்லை. “வியாழக்கிழமை பத்தே கால் தாண்ட ஐயா வந்தவர். துண்டிலை ‘மணல்’ எண்டு கிடக்க உமக்கு அத்தான்ர ஞாபகம் வந்திட்டுது. மு/17. கிணத்துப் பக்கத்தை நீர் ஊராக்களுக்கு எடுத்துக் குடுக்கிறனீர். பிழையாய் அடிச்சால் ‘கிணறு’ எண்ட பாதை தெரியிறதைக் கன தடவை கண்டிருப்பீர். கொம்பியூட்டர் படிச்சனீர், ரெண்டு புள்ளிக்கு என்ன கருத்தெண்டு தெரியும். ஐயா வெளிக்கிட்ட கையோடை அடிச்சுப் பாத்தனீர். பத்து நாப்பத்தொண்டு. திறந்திட்டுது. பிரின்ற் எடுத்துச் சசிகரனுக்குக் குடுத்தனீர்.”

பிரதாபன் இயந்திரத்தின் சுவிச்சை அணைத்தான்.

“திறக்கும் எண்டு நினைக்கேல்லை, மிஸ். சும்மாதான் தட்டினனான். திறந்தாப் பிறகு என்னாலை மூட ஏலாமல் போட்டுது. அக்காவுக்கு மூண்டு பிள்ளையள். அத்தான் உள்ளுக்குப் போனால் அதுகள் என்ன செய்யும்? கொஞ்ச நாளைக்கு அள்ளாமல் நில்லுங்கோ எண்டு சொல்லத்தான் குடுத்தனான். சத்தியமாய் அடிக்கச் சொல்லேல்லை.”

“முதல் ஆளாய் ஓடி வந்தனீர்.”

“விடிய நாலே காலுக்கு அத்தான்ர வண்டிச் சத்தம் கேட்டது. எங்கையோ மனசுக்கை பட்டிட்டுது. ஐயா வீட்டுப் படலையடியிலை வந்து நிண்டனான். உள்ளுக்குப் போகப் பயமாய்க் கிடந்தது.” அவன் முகத்தைத் துடைத்தான். “ஒன்றரை மணித்தியாலம் நிண்டனான், மிஸ்.”

அவள் அதை எழுதினாள். அந்த ஒன்றரை மணித்தியாலத்தைச் சிங்களத்தில் எப்படி எழுதுவது என்று ஒரு கணம் பேனை தயங்கியது.

மத்தியானத்துக்குள் சசிகரனும் அவனோடு போன இரண்டு பேரும் பிடிபட்டார்கள். ரிப்பரின் பெட்டியில் வெறுமையான ஒயில் கலன்கள் இருந்தன. நிலாந்தினியின் மனுசனின் மச்சான் அன்றைக்கு வண்டி ஓடவில்லை. திருகோணமலையில் ஒரு கலியாணவீட்டில் நின்றிருக்கிறான்.

திங்கள் காலை 8.40. நிலாந்தினியின் வீடு.

இராசநாயகம் அலுமாரித் திறப்போடு படலையடியில் நின்றார். தனக்குப் பதிலாக ஒரு வார்த்தை சொல்லும்படி முதல்நாள் பின்னேரம் கஜாலினியைக் கேட்டிருந்தார். “நீங்கள் சொன்ன சொல்லை நீங்கள்தான் போய்த் திருப்பி எடுக்க வேணும், ஐயா” என்று அவள் சொல்லிவிட்டாள். ஆனாலும் கூட வந்திருந்தாள்.

“நான் விசாரிக்காமல் சொல்லிப்போட்டன், பிள்ளை” என்றார் அவர். “அது பெரிய பிழை. நீர் திரும்பி வர வேணும். றஜீபன் பக்கத்தைத் திருத்துறான். இனி எங்கட பட்டியலிலை இருக்கிற ஊரைத் தவிர வேறை எதை அடிச்சாலும் அது திறக்காது.”

நிலாந்தினி திறப்பை வாங்கவில்லை. கஜாலினியைப் பார்த்தாள்.

“பதிவு எப்ப தொடக்கம் இருக்கு, மிஸ்?”

“தை மாதம் தொடக்கம்.”

“பக்கம் போட்டு மூண்டு வருசம். முறைப்பாடு எழுதத் தொடங்கினதும் அப்பதான்.”

கஜாலினிக்கு விளங்கியது. இரவு முழுக்க அறிக்கை எழுதியபோது வராத எண்ணம் அது. பதிவில் பதினேழு மட்டும்தான் கேட்கப்பட்டிருந்தது. அதற்கு முந்திய காலத்தில் யார் எதைக் கேட்டார்கள், எது கிடைத்தது என்று இனி யாராலும் சொல்ல ஏலாது.

“மற்றப் பதினாறு பேருக்கும் ஆர் சொல்லுறது?” என்றாள் நிலாந்தினி. “தாங்கள் சொன்னதை ஆரும் வாசிச்சிருக்கலாம் எண்டு அதுகளுக்குத் தெரிய வேணும். கதவைப் பூட்டிக்கொண்டாவது அதுகள் படுக்கும்.”

“கழகம் கடிதம் போடும்” என்றார் இராசநாயகம்.

“கடிதம் வேண்டாம், ஐயா. எழுத வாசிக்கத் தெரியாமல்தான் பாதிப் பேர் என்னட்டைச் சொல்லி எழுதினவை. வீடுகள் எனக்குத் தெரியும்.”

அவள் உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு, செருப்பைக் கொழுவி வந்தாள். கஜாலினி நிலையத்துக்குத் தொலைபேசியில் மத்தியானம் வரை வர ஏலாது என்று சொன்னாள். காரணம் கேட்டார்கள். வந்து சொல்லுறன் என்றாள்.

முன்வீட்டுப் படலை அன்றைக்கும் சாத்தித்தான் இருந்தது. நிலாந்தினி நேராக அங்கேதான் நடந்தாள். கொளுக்கியைத் தட்டினாள். உள்ளே ஒரு கதவு திறந்தது, முகம் ஒன்று தயங்கித் தெரிந்தது.

“அக்கா, நான் நிலாந்தினி” என்றாள் அவள். “ஒரு விசயம் சொல்ல வேணும். பொலிஸ் மிஸ்ஸும் வந்திருக்கிறா. ஒருக்கால் திறக்கிறியளோ?”